காபிக் கிளையில் ஊசித்துளை: வண்டின் இனத்தை உறுதி செய்வது எப்படி?

கூடலூர், பந்தலூர் பக்கம் ரொபஸ்டா வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். மழை ஓய்ந்து புரட்டாசி வெயில் விழும் நேரம். செடி முழுக்கப் பச்சையாக நிற்கும். நடுவில் ஒரே ஒரு கிளை மட்டும் இலை தொங்கி வாடியிருக்கும். ஒரு வாரம் கழித்துப் போனால் அது கருகியிருக்கும், பக்கத்துச் செடியில் இன்னும் இரண்டு கிளைகள் வாடத் தொடங்கியிருக்கும்.

என் தோட்டத்தில் இது தொடங்கியபோது கேட்ட இடத்தில் எல்லாம் ஒரே பதில்தான் கிடைத்தது: "போரர்." மருந்துக் கடையில் போரர் என்றேன், பழத்தைத் துளைக்கும் வண்டுக்கான மருந்தைக் கொடுத்தார்கள். அடித்தேன். கிளைகள் தொடர்ந்து காய்ந்தன. பிறகு மாதிரியை ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். உள்ளே பூச்சியே இல்லை என்று பதில் வந்தது. இரண்டாம் முறை பூச்சி இருந்தது, விவரச் சீட்டில் எழுத்து இல்லை. மூன்றாம் முறைதான் பெயர் கிடைத்தது: சைலோசாண்ட்ரஸ் காம்பாக்டஸ். அம்ப்ரோசியா வண்டு வகை, அதாவது மரத்துக்குள் பூஞ்சை வளர்த்துத் தின்னும் வண்டு. அதற்குள் எட்டு மாதம் போய்விட்டது. சரியான மாதிரி மேசைக்கு வந்த பிறகு, நிபுணருக்கு அதைப் பார்த்துச் சொல்ல ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆகவே இனம் காணும் வேலையில் பெரும்பகுதி ஆய்வகத்தில் நடப்பதில்லை, உங்கள் தோட்டத்தில்தான் நடக்கிறது. எந்தக் கிளையை, எந்த நாளில் வெட்டி, எப்படிப் புட்டியில் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே பதில் வரும்.

1. முதலில் இது அம்ப்ரோசியா வண்டுதானா என்று பாருங்கள்

நம் ஊரில் "போரர்" என்ற ஒரே சொல்லில் குறைந்தது நான்கு பூச்சிகள் அடங்கியிருக்கின்றன. எது எது என்று பிரித்துக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

காய்ந்துகொண்டிருக்கும் கிளையைத் திருப்பி, அடிப்பக்கத்தைப் பாருங்கள். அம்ப்ரோசியா வண்டு என்றால் அங்கே வட்டமான, சுத்தமான ஓட்டை ஒன்று இருக்கும். அளவு ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர், மைக்ரோ டிப் பென்சிலின் முள் நுழையும் அளவு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. நான் முதல் மாதம் முழுக்க மேலே இருந்தே தேடினேன்.

கிளையை நீளவாக்கில் பிளந்தால் நடுச்சோற்றில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் தெரியும். சுவர் கருத்து, அதன்மேல் வெண்மையான பூஞ்சை படர்ந்திருக்கும். இதுதான் முக்கிய அடையாளம். இந்த வண்டுகள் மரத்தைத் தின்பதில்லை. பூஞ்சை வித்துகளைத் தம் உடம்பில் உள்ள சிறு பையில் சுமந்து வந்து, சுரங்கச் சுவரில் விதைத்து, வளர்ந்த பூஞ்சையைத் தாமும் தின்று குஞ்சுகளுக்கும் கொடுக்கின்றன. அதனால் சுரங்கத்துக்குள் மரத்தூள் அடைந்திருக்காது, துப்புரவாக இருக்கும். காலில்லாத வெள்ளைப் புழுக்கள் கூட்டமாக ஒரே அறையில் கிடக்கும்.

மற்றவற்றை இப்படி ஒதுக்கலாம். பழத்தின் நுனியில் ஓட்டை என்றால் அது பழத் துளைப்பான், ஹைப்போதெனிமஸ் ஹாம்பை. விதையைத் தின்பது, அம்ப்ரோசியா வண்டு அல்ல. அராபிகாவின் அடித்தண்டில் மேடுதட்டி, உள்ளே தூள் இறுகிய சுரங்கம் இருந்தால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான். கிளைக்குள் சிவப்புப் புழுவும் வெளியே உருண்டை உருண்டையான எச்சமும் இருந்தால் சிவப்புத் துளைப்பான். அது அந்துப்பூச்சியின் புழு. ஓட்டையே இல்லாமல் நுனியிலிருந்து கருகி வந்தால் பூஞ்சை நோயாக இருக்கலாம், அதற்கு வழி வேறு.

2. நாளைத் தவறவிடாதீர்கள்

என் முதல் மாதிரி கெட்டது இங்கேதான். நன்றாகக் காய்ந்து கருகிய கிளைதான் கண்ணில் முதலில் படும். அதை வெட்டாதீர்கள். கிளைக்குள் முட்டையிலிருந்து வளர்ந்த வண்டாக ஏறத்தாழ ஒரு மாதமே ஆகும். புதிய பெண் வண்டுகள் தாய் துளைத்த அதே ஓட்டை வழியாக வெளியேறிவிடும். காய்ந்த கிளையில் வெறும் சுரங்கம்தான் மிஞ்சும். சில நேரம் வேறு சிறு வண்டுகள் பிறகு வந்து குடியேறியிருக்கும். அவற்றைக் குற்றவாளி என்று அனுப்பினால் தவறான பெயர் வரும்.

இலை தொங்கிவிட்டது, ஆனால் இன்னும் பச்சை போகவில்லை என்ற நிலையில் உள்ள கிளைதான் வேண்டும். செப்டம்பர் முதல் ஜனவரி வரை இப்படிக் கிளைகள் நிறையக் கிடைக்கும். தண்டிலிருந்து நேராக எழும் இளங்கொம்புகளையும் பாருங்கள், அவற்றிலும் துளைக்கும். தோட்டத்தில் பட்டர் ஃப்ரூட் மரம் இருந்தால் அதன் சிறு கிளைகளையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கவும். இந்த வண்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட தாவர வகைகள் இடம் கொடுக்கின்றன.

புட்டியில் சாராயம் ஊற்றி மரத்தில் தொங்கவிட்டால் வண்டு வந்து விழும் என்று யாராவது சொல்வார்கள். விழும்தான். வாடும் மரம் எத்தனால் வாடையை வெளியிடும், அதைத் தேடித்தான் இந்த வண்டுகள் பல வருகின்றன. ஆனால் பொறியில் விழுவது சுற்றுவட்டாரத்துக் காட்டிலிருந்து வரும் பல இனங்கள். உங்கள் கிளையைக் கொன்றது எது என்று அது சொல்லாது. வண்டைச் சுரங்கத்துக்குள்ளிருந்தே எடுக்க வேண்டும்.

3. வெட்டுவதும் புட்டியில் போடுவதும்

தேவையான பொருள்களும் நான் கொடுத்த விலையும்: 10 மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ் 350 ரூபாய், கைபேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் 600, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர் 250, ஓவியத் தூரிகை 40, ஹோமியோபதி மாத்திரைக்கான சிறு கண்ணாடிப் புட்டிகள் 100. மொத்தம் 1,340 ரூபாய். கவாத்துக் கத்தரி உங்களிடமே இருக்கும். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ளதால் கிளைகளுக்கு இறுக்கமான மூடியுள்ள டப்பாக்களை வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் மட்டும் சுற்றினால் வண்டு துளைத்தோ நழுவியோ போய்விடும்.

ஓட்டை நடுவில் வரும்படி ஒரு சாண் நீளத்துக்குக் கிளையை வெட்டுங்கள். ஒரு செடிக்கு ஒரு டப்பா. குறைந்தது ஐந்து செடிகளிலிருந்து எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் டப்பாவை ஓரிரவு ஃப்ரீசரில் வையுங்கள். வண்டுகள் இறந்துவிடும், உடம்பும் கெடாது, மரபணுவும் கெடாது.

மறுநாள் வெள்ளைத் தட்டின் மேல் வைத்துக் கத்தியால் நீளவாக்கில் பிளக்கவும். ஓட்டையின் வழியாகக் கத்தியை இறக்காதீர்கள், தாய் வண்டு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதற்கு அடுத்த பக்கத்தில் பிளவு வரட்டும். இடுக்கி வேண்டாம். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத உடம்பில் இடுக்கி பட்டால் காலும் உணர்கொம்பும் உதிரும்; அவை இல்லாமல் இனம் சொல்வது கடினம். தூரிகையை ஆல்கஹாலில் நனைத்துத் தொட்டால் வண்டு ஒட்டிக்கொண்டு வரும்.

பத்துப் பெண் வண்டுகளாவது சேருங்கள். அவற்றுக்கு நடுவே, அளவில் பாதியும் வெளிறிய நிறமுமாக ஒன்றிரண்டு இருக்கலாம். குஞ்சு என்று எறிந்துவிடாதீர்கள், அதுதான் ஆண். பறக்காது, பிறந்த சுரங்கத்திலேயே சகோதரிகளோடு இணைந்து அங்கேயே இறந்துபோகும். ஆண் கிடைப்பது அரிது, கிடைத்தால் தனிப் புட்டியில் வையுங்கள். புழுக்களும் சில இருக்கட்டும்.

ஆல்கஹால் பற்றி ஒரு சொல். மரபணுச் சோதனைக்கு 95 விழுக்காடு எத்தனால்தான் சிறந்தது. ஆனால் அது கலால் விதிகளுக்கு உட்பட்டது, கடையில் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். இதற்காக நான் இரண்டு நாள் அலைந்தேன். உருவத்தைப் பார்த்து இனம் காண ஐசோப்ரோப்பைல் போதும். மரபணுவும் பார்க்க வேண்டியிருக்கும் என்று தோன்றினால் நான்கைந்து வண்டுகளை ஆல்கஹால் இல்லாமல் ஃப்ரீசரிலேயே வையுங்கள். ஃபார்மலினில் மட்டும் போடாதீர்கள், மரபணு பாழாகும்.

4. விவரச் சீட்டு

என் இரண்டாம் மாதிரி கெட்டது இதில். பேனாவால் எழுதிப் புட்டிக்குள் போட்டேன். ஆல்கஹாலில் மை முழுவதும் கரைந்துவிட்டது. பென்சிலால் எழுதுங்கள். சீட்டு புட்டிக்கு உள்ளே இருக்க வேண்டும், வெளியே ஒட்டியது உதிரும்.

எழுத வேண்டியவை: ஊர், வட்டம், மாவட்டம்; கைபேசி வரைபடத்தில் கிடைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை; கடல்மட்டத்திலிருந்து உயரம்; பயிரும் ரகமும்; கிளையின் தடிமன்; எடுத்த நாள்; எடுத்தவர் பெயர். "ரொபஸ்டா, கிளைத் தடிமன் 8 மி.மீ., அடிப்பக்கத் துளை" என்ற ஒரு வரி நிபுணருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். கிளைத் தடிமனை யாரும் எழுதுவதில்லை, நீங்கள் எழுதுங்கள்.

5. லென்ஸில் என்ன பார்ப்பது

நீங்களே முடிவான பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பக்கம் என்று தெரிந்தால் யாரிடம் அனுப்புவது, மரபணுச் சோதனைக்குப் பணம் செலவழிக்கலாமா என்று முடிவெடுக்கலாம்.

முதலில் அளவு. வரைபடத் தாளின் (கிராஃப் ஷீட்) மேல் வண்டைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் படம் எடுங்கள். பிறகு மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று. நான்காவது படம்தான் மிக முக்கியம்: முதுகுச் சிறகுறை (சிறகை மூடும் கெட்டி ஓடு) பின்னால் சரிந்து இறங்கும் பகுதி. இந்தக் குடும்பத்தில் இனங்களைப் பிரிப்பது பெரும்பாலும் அந்தச் சரிவுதான். பளபளப்பா, மங்கலா, வழவழப்பா, குருணை குருணையாகவா, சட்டென்று இறங்குகிறதா, மெதுவாகவா, மயிர் வரிசை உண்டா. நான் முதலில் அனுப்பிய படங்கள் எல்லாம் மேலிருந்து எடுத்தவை, ஒன்றும் பயன்படவில்லை.

காபியின் சிறு கிளையில் இருக்கும் சைலோசாண்ட்ரஸ் காம்பாக்டஸ் பெண் வண்டு 1.4 முதல் 1.9 மில்லிமீட்டர் வரை இருக்கும். குட்டையாக, தடித்து, கருப்பாக, மினுமினுப்பாக இருக்கும். பின்சரிவு உருண்டு இறங்கும், அதில் நீண்ட மயிர்கள் வரிசையாக நிற்கும். மேலிருந்து பார்த்தால் தலை தெரியாது; மார்புக்கவசம் அதை மூடியிருக்கும். மார்புக்கவசத்தின் பின்விளிம்பில், நடுவில், ஒரு சிறு மயிர்க்கொத்து உண்டு. பூஞ்சை சுமக்கும் பையின் வாய் அங்கேதான். ஆனால் 10 மடங்கு லென்ஸில் அது தெரியாது. 40 மடங்காவது வேண்டும். பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் துறையில் கேட்டால் ஸ்டீரியோ நுண்ணோக்கியில் பார்க்க விடுவார்கள். எனக்கு விட்டார்கள்.

அதே பேரினத்தைச் சேர்ந்த சைலோசாண்ட்ரஸ் கிராசியஸ்குலஸ் இதைவிடப் பெரியது, 2.1 முதல் 2.9 மில்லிமீட்டர் வரை. செம்பழுப்பு நிறம், பின்சரிவு மங்கலாக, குருணை நிறைந்து இருக்கும். அது துளைத்த மரத்தில் தூள் ஒட்டிக்கொண்டு குச்சி போல வெளியே நீட்டி நிற்கும்.

தேயிலை, ஆமணக்கு, பட்டர் ஃப்ரூட் மரம் ஆகியவற்றின் தடித்த கிளையில் துளை என்றால் யூவாலேசியா ஃபோர்னிகேட்டஸ் கூட்டத்தை நினைக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், கரும்பழுப்பு நிறம். நான் சொன்ன மயிர்க்கொத்து இதில் இருக்காது. நீண்டு ஒல்லியாக, தலை முழுவதும் வெளியே தெரியும்படி, மார்பளவு அகலத் தலையோடு இருந்தால் அது பிளாட்டிபோடினே என்ற வேறு துணைக்குடும்பம். அதுவும் அம்ப்ரோசியா வண்டுதான், ஆனால் அதற்கான நிபுணர் வேறாக இருக்கலாம். அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

நிறத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். புதிதாக வண்டான பெண் சில நாள்களுக்குப் பழுப்பாகத்தான் இருக்கும், கருக்க நாளாகும். ஒரே சுரங்கத்தில் இரு நிறம் கண்டு, இரண்டு இனம் என்று நான் தனித்தனிப் புட்டியில் அனுப்பினேன். ஒன்றுதான்.

6. யாரிடம், என்னென்ன காகிதத்தோடு

காபி என்றால் முதலில் காபி வாரியம். கூடலூர் வட்டத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வயநாட்டில் சுண்டேல் மண்டல காபி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பழனி மலைப் பக்கத்தவர்களுக்குத் தாண்டிக்குடியில் ஒன்று. தலைமை நிலையம் கர்நாடகத்தின் பலெஹொன்னூரில். தேயிலை என்றால் வால்பாறையில் உள்ள உபாசி தேயிலை ஆராய்ச்சி நிறுவனம். பயிர் எதுவானாலும் கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையைக் கேட்கலாம். அங்கும் முடியாவிட்டால் பெங்களூரில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் மையம்.

இந்த வரிசையிலேயே போங்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பினால் எல்லோரும் மற்றவர் பார்ப்பார் என்று விட்டுவிட வாய்ப்பு உண்டு. மாதிரியை அனுப்பும் முன் நான்கு படங்களை மின்னஞ்சலில் அனுப்பி மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்தக் குழுவைப் பார்க்கும் நிபுணர் அங்கே இருக்கிறாரா, கட்டணம் உண்டா, மாதிரியில் மீதியைத் திருப்பித் தருவீர்களா. பூச்சியியலாளர் எல்லோரும் இந்த வண்டைப் பார்ப்பவர் அல்லர். எனக்கு மின்னஞ்சலுக்குப் பதில் வர நான்கு நாள், மாதிரி போய்ச் சேர்ந்து பெயர் வர மூன்று வாரம் ஆயிற்று.

காகிதங்கள் அதிகம் இல்லை. ஒரு பக்கக் கடிதம், விவரச் சீட்டின் நகல், படங்கள், காபி வாரியப் பதிவு இருந்தால் அதன் நகல். கடிதத்தில் எத்தனை செடிகளில் பாதிப்பு, எப்போது தொடங்கியது, என்ன மருந்து அடித்தீர்கள் என்று எழுதவும். அடித்த மருந்தை மறைக்காதீர்கள்.

கூடலூரில் ஜென்மம் (பழைய நிலக்கிழார் உரிமை) நிலப் பிரச்சினையால் பட்டா இல்லாதவர்கள் பலர். பட்டா இல்லையே என்று தயங்கி நிற்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் அதனாலேயே இரண்டு பருவம் கேட்காமல் இருந்தார். பூச்சியின் பெயர் கேட்கப் பட்டா தேவையில்லை. போங்கள்.

ஆனால் காப்புக்காட்டுக்குள் போய்க் கிளை வெட்டாதீர்கள், அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். வெளிநாட்டு ஆய்வாளர் யாராவது இணையத்தில் "அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்றாலும் படங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்திய உயிரினங்களை வெளியே அனுப்புவதில் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அதற்கான ஆணையம் சென்னையில் இருக்கிறது. அவர்களிடம் கேட்காமல் புட்டியை அனுப்ப வேண்டாம்.

7. அனுப்புவது

முடிந்தால் பஸ் ஏறி நேரில் கொண்டுபோங்கள். முகம் பார்த்துப் பேசினால் பத்து நிமிடத்தில் தெளிவாகும் விஷயம் கடிதத்தில் பத்து நாள் எடுக்கும்.

அஞ்சலில் என்றால், ஆல்கஹால் தீப்பற்றும் பொருள் என்பதால் ஏற்க மாட்டார்கள். அனுப்பும் நாள் காலையில் ஆல்கஹாலை வடித்துவிட்டு, நனைந்த பஞ்சை மட்டும் மெதுவாக உள்ளே வைத்து மூடியை டேப்பால் சுற்றுங்கள். பஞ்சு வண்டை நசுக்கக் கூடாது. போய்ச் சேர்ந்ததும் ஆல்கஹால் ஊற்றச் சொல்லி உறையின் மேலேயே எழுதுங்கள். திங்கள் அல்லது செவ்வாய் அனுப்புங்கள்; வெள்ளி அனுப்பினால் இரண்டு நாள் கிடங்கில் காயும். உயிரோடு எந்த வண்டையும் அனுப்பாதீர்கள். கருவுற்ற ஒரே பெண் போதும், போகும் ஊரில் புதிதாகத் தொற்ற வைத்துவிடும்.

பாதி வண்டுகளை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

8. மரபணுச் சோதனை எப்போது

சைலோசாண்ட்ரஸ் காம்பாக்டஸுக்கு உருவமே போதும், பணத்தை வீணாக்க வேண்டாம்.

யூவாலேசியா என்றால் கதை வேறு. முன்பு ஃபோர்னிகேட்டஸ் என்ற ஒரே பெயரில் இருந்ததை இப்போது ஃபோர்னிகேட்டஸ், ஃபோர்னிகேட்டியர், பெர்பிரெவிஸ், குரோஷியோ என நான்கு இனங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பிரிக்க மரபணுதான் வழி. தனியார் ஆய்வகத்தில் விலை கேட்கும்போது, சொல்லும் தொகையில் மரபணுவைப் பிரித்தெடுப்பது, பெருக்குவது, வரிசை படிப்பது, ஜி.எஸ்.டி. எல்லாம் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். எனக்குத் தெரிந்த தேயிலை விவசாயி ஒருவருக்கு முதலில் சொன்ன தொகை கடைசியில் இரட்டிப்பானது.

முடிவு வந்த பிறகும் ஒரு பொறி உண்டு. ஆய்வகம் உங்கள் வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டு "99 விழுக்காடு ஃபோர்னிகேட்டஸ்" என்று எழுதிக் கொடுக்கும். இந்தப் பெயர்கள் 2019இல் மறுபடி வரையறுக்கப்பட்டன. அதற்கு முன் பதிவான வரிசைகள் பல பழைய பெயரிலேயே கிடக்கின்றன. ஒப்பிட்ட பதிவு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று கேளுங்கள், 2019க்குப் பிந்தைய ஆய்வு வரிசைகளோடு மறுபடி ஒப்பிடச் சொல்லுங்கள்.

9. பெயர் கைக்கு வந்த பிறகு

பழைய கையேடுகளில் காபி வண்டு சைலிபோரஸ் காம்பாக்டஸ் என்றும், சைலோசாண்ட்ரஸ் மோர்ஸ்டாட்டி என்றும் இருக்கும். எல்லாம் இதுதான். கடைக்காரரிடம் "போரர்" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, "ஷாட் ஹோல் போரர், கிளையில் வருவது" என்று சொல்லுங்கள்.

வண்டு தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கிளைக்குள்ளேயே கழிப்பதால் மேலே அடிக்கும் மருந்து அதை எட்டுவதில்லை. ஓட்டைக்குக் கீழே, தண்டுப் பக்கமாக, இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டி அன்றே எரிக்க வேண்டும். வெட்டியதைக் குவித்துவைத்துப் பிறகு எரிக்கலாம் என்று விட்டால் அதற்குள் பறந்துவிடும். தேவையற்ற இளங்கொம்புகளைக் கோடையிலேயே எடுத்துவிடுங்கள், நிழலை மெலிதாக வையுங்கள், நீர் தேங்க விடாதீர்கள்.

உங்களிடம் வைத்துக்கொண்ட புட்டியில் பெயரையும், பெயர் சொன்ன நிலையத்தையும், நாளையும் பென்சிலால் எழுதி இன்னொரு சீட்டுப் போடுங்கள். ஆல்கஹால் குறையும்போது ஊற்றி வையுங்கள். அடுத்த புரட்டாசியில் ஒரு கிளை தொங்கினால், பிளந்து எடுத்த வண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்தப் புட்டி வேண்டும்.